மூன்று எண்களின் காவல்

இன்று பள்ளிகளும் பங்குக் கோவில்களும் மகளிர் குழுக்களும் சிறு கடைகளும்கூடத் தமக்கென ஓர் இணையதளம் வைத்திருப்பதைக் காண்கிறோம். முன்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய செய்திகள் இப்போது இணையதளத்தில் இடம் பெறுகின்றன. இத்தளங்களுள் மிகப் பல, வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் ஆனவை. மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் இதனை வெளியிட்டனர். விலை கொடாமலே இதை எவரும் பெறலாம். எனவேதான் பொருள் வசதி குறைந்த நிறுவனங்களும் இதனை நாடுகின்றன.

தையல் எந்திரத்தில் காஜா எடுக்க ஓர் உறுப்பையும் பூவேலை செய்ய வேறோர் உறுப்பையும் மாட்டிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல வேர்ட்பிரஸிலும் வேண்டிய வசதிகளைத் தனித்தனியே மாட்டிக்கொள்ளலாம். இவ்வாறு மாட்டப்படும் சிறு மென்பொருளுக்குப் பிளகின் என்று பெயர். தமிழில் செருகுநிரல் என்பர். 2004ஆம் ஆண்டு வெளிவந்த 1.2ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது. படத் தொகுப்புக்கு ஒரு பிளகின், சேர்க்கை விண்ணப்பத்துக்கு ஒரு பிளகின், நாட்காட்டிக்கு ஒரு பிளகின் எனப் பலவும் உண்டு.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிளகின் ஒரு நாள் திடீரென மறுக்கிறது. படம் ஏற மாட்டேன் என்கிறது. புதிய பதிப்புக்கு மாற மாட்டேன் என்கிறது. உடனே பலரும் பிளகினைக் குறை கூறி, அதை நீக்கிவிட்டு வேறொன்றை மாட்டுகின்றனர். அதுவும் அவ்வாறே மறுக்கிறது! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இங்கோ ஆடுபவள் மீது குற்றமில்லை. கூடமே கோணலாய் இருக்கிறது. அந்தக் கூடத்தின் கோணலையும் அதை நிமிர்த்தும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒண்டுக்குடித்தனம்

இணையதளம் என்பது வானத்தில் மிதப்பது அன்று. அது ஏதோ ஓர் ஊரில், இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணினியில் கோப்புகளாக அமர்ந்திருக்கிறது. அக்கணினிக்குச் சர்வர் என்று பெயர். அதில் இடம் வாடகைக்கு விடும் தொழிலை வெப் ஹோஸ்டிங் என்கின்றனர். குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம்தான். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். நம் பக்கத்துக் குடித்தனக்காரர் யார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் நம்மைத் தெரியாது.

இவ்வாறு பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்வது புதிதன்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைப் படைக்கத் தொடங்கினர். அக்காலத்தில் கணினியின் விலை மிக அதிகம். ஆகவே ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினர். ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் அழித்துவிடாமல் காப்பது எப்படி? ஒவ்வொரு கோப்புக்கும் இன்னார் உரிமையாளர், இன்னார் இன்னது செய்யலாம் என்ற குறிப்பை உடன் எழுதி வைத்தனர். 1991ஆம் ஆண்டு லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இம்முறையையே பின்பற்றியது. இன்று மிகப் பல சர்வர்கள் லினக்ஸில் இயங்குவதால், அப்பழைய குறிப்பே நம் தளங்களையும் காத்து வருகிறது.

மூன்று பேர், மூன்று செயல்கள்

யூனிக்ஸ் கண்ணோட்டத்தில் ஒரு கோப்பை அணுகுவோர் மூவகையினர். முதலாமவர் அதன் உரிமையாளர். இரண்டாமவர் உரிமையாளரோடு சேர்ந்த குழுவினர். மூன்றாமவர் ஏனைய அனைவரும். இவர்கள் கோப்பின்மீது செய்யக்கூடிய செயல்களும் மூன்றே: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கு 4 என்றும் எழுதுதலுக்கு 2 என்றும் இயக்குதலுக்கு 1 என்றும் மதிப்பெண் இட்டிருக்கின்றனர்.

ஏன் 1, 2, 3 என்று இடவில்லை? காரணம் உண்டு. 1, 2, 3 என்று இட்டால், கூட்டுத்தொகை 3 வரும்போது அது மூன்றாம் செயலைக் குறிக்குமா, முதல் இரண்டையும் சேர்த்துக் குறிக்குமா என்ற ஐயம் எழும். 4, 2, 1 என்று இட்டால் எந்தத் தொகையும் ஒரே வழியில்தான் வரும். 7 என்றால் மூன்றும் உண்டு. 6 என்றால் படிக்கவும் எழுதவும் செய்யலாம். 5 என்றால் படிக்கவும் இயக்கவும் செய்யலாம், எழுதக்கூடாது. எவ்வளவு எளிய கணக்கு!

ஆகவே ஒரு கோப்பின் அனுமதியை மூன்று எண்களால் எழுதிவிடலாம். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினரும் ஏனையோரும் படிக்க மட்டும் செய்யலாம். 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு. மற்றவர்க்கு எழுதும் உரிமை மட்டும் இல்லை.

கோப்புகளை இட்டு வைக்கும் பெட்டிக்குக் கோப்புறை என்று பெயர். கோப்புறைக்கு இதே எண்கள் சற்று வேறு பொருள் தரும். படித்தல் என்றால் உள்ளே உள்ள பெயர்களைப் பார்த்தல். எழுதுதல் என்றால் உள்ளே ஒன்றைச் சேர்த்தல், நீக்குதல். இயக்குதல் என்றால் அதனுள் நுழைந்து செல்லுதல். இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஒரு கோப்பை அழிக்கும் உரிமை பொதுவாக அக்கோப்பின் எண்ணைப் பொறுத்தது அன்று. அது இருக்கும் கோப்புறையின் எண்ணைப் பொறுத்தது. பிளகினைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்புகளை நீக்கிப் புதியவற்றை வைக்க வேண்டும். கோப்புறையில் எழுதும் உரிமை இல்லையெனில் அது எவ்வாறு நடக்கும்?

எழுதுகிறவர் யார்?

இனி வருவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. நாம் பொத்தானை அழுத்திப் படத்தை ஏற்றும்போது, படத்தை உள்ளே கொண்டு வைப்பது நாம் அல்ல. வேர்ட்பிரஸ், பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அந்தப் பிஎச்பி சர்வரில் இயங்கி, நமக்காக எழுதுகிறது. அது யார் பெயரில் இயங்குகிறது என்பதே கேள்வி.

சில சர்வர்களில் பிஎச்பி நம் கணக்கின் பெயரிலேயே இயங்கும். அப்போது அது செய்வதெல்லாம் உரிமையாளர் செய்ததாகும். 755, 644 என்ற எண்கள் அதற்குப் போதும். வேறு சில சர்வர்களில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான ஒரு பணியாள் பெயரில் இயங்கும். டெபியன், உபுண்டு வகைச் சர்வர்களில் அப்பணியாளின் பெயர் வழக்கமாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ரெட் ஹாட் வகையில் அப்பாச்சி. இப்பணியாள் நம் கோப்புகளுக்கு உரிமையாளர் அல்லர், ஏனையோருள் ஒருவர். 755 என்ற எண்ணில் ஏனையோர்க்கு எழுதும் உரிமை இல்லையே! ஆகவே பிளகின் கைகட்டி நிற்கிறது.

ஒரே எண், ஒரே பிளகின். ஒரு சர்வரில் ஓடுகிறது, மற்றொன்றில் ஓடவில்லை. எண் சரியா என்று மட்டும் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. கோப்பு யாருடையது, எழுத வருபவர் யார் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். தளத்தை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய பின்னரோ, பழைய நகலிலிருந்து மீட்ட பின்னரோ இக்கோளாறு தலைகாட்டுவதன் காரணமும் இதுவே. அப்போது கோப்புகள் வேறொருவர் பெயரில் வந்து அமர்ந்துவிடக்கூடும்.

நோயின் அறிகுறிகள்

அனுமதிக் கோளாறு என்பதைச் சில அறிகுறிகளால் அறியலாம். பிளகினை மாட்ட முயலும்போது, எஃப்டிபி என்னும் கோப்பு அனுப்பும் வழியின் பெயரையும் கடவுச்சொல்லையும் தளம் கேட்கும். நேரே எழுதிப் பார்த்து, அவ்வாறு உண்டான கோப்பின் உரிமையாளரும் தன் கோப்புகளின் உரிமையாளரும் வேறு வேறு என்று கண்டதால்தான் வேர்ட்பிரஸ் இவ்வாறு கேட்கிறது. கோப்புறையை உண்டாக்க முடியவில்லை என்றோ, ஏற்றிய படத்தை அப்லோட்ஸ் கோப்புறைக்கு நகர்த்த முடியவில்லை என்றோ செய்தி வருவதும் உண்டு. பழைய பிளகினை நீக்க முடியவில்லை என்பது மற்றோர் அறிகுறி. படிக்கும் உரிமையோ நுழையும் உரிமையோ இல்லாதபோது 403 என்ற தடை அறிவிப்பு வரும்.

ஆயினும் ஒரே அறிகுறி பல நோய்களுக்கு உண்டு. வாடகைக்கு எடுத்த இடம் நிரம்பிவிட்டாலும் படம் ஏறாது. ஆதலால் முதலில் இடம் மீதமுள்ளதா என்று பார்த்துவிடுவது நன்று.

எல்லாருக்கும் திறந்த கதவு

இக்கோளாற்றுக்குப் பலர் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் 777 என்று போட்டுவிடுங்கள் என்பர். உண்மைதான், போட்ட மறுகணமே பல சமயம் பிளகின் ஓடத் தொடங்கும். அதனால் இது நல்ல மருந்து என்ற எண்ணமும் பரவிவிட்டது. ஆனால் 777 என்பதன் பொருள் என்ன? பணியாளுக்குக் கதவைத் திறப்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதாகும். கோப்புறைக்கு வழி கிடைக்குமாயின், பக்கத்துக் குடித்தனத்திலிருந்து வரும் எவரும் நம் கோப்புகளை மாற்றலாம், அழிக்கலாம், தீய நிரலைக் கொண்டு வைக்கலாம்.

இது வீண் அச்சம் அன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றின் சர்வர்களில் இருந்த வேர்ட்பிரஸ் தளங்கள் பல கெடுக்கப்பட்டன. வேர்ட்பிரஸில் டபிள்யூபி-கான்ஃபிக் என்றொரு கோப்பு உண்டு. தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அக்கோப்பை ஏனையோரும் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தமையால், அதே சர்வரில் இருந்த ஒருவரால் மற்றவர் கடவுச்சொற்களை எடுக்க முடிந்தது. எழுதும் உரிமைகூட அவருக்குத் தேவைப்படவில்லை. படிக்கும் உரிமையே போதுமாயிற்று!

மறு ஆண்டு, 2011 ஆகஸ்டில், டிம்தம்ப் என்னும் சிறு நிரலின் குறை வெளிப்பட்டது. படங்களைச் சிறிதாக்கும் அந்நிரலை அக்காலத்தில் பல தளங்கள் பயன்படுத்தின. அது வெளித்தளங்களிலிருந்து படங்களை வாங்கி, இணையத்திலிருந்து நேரே அணுகக்கூடிய ஒரு கோப்புறையில் வைத்தது. வந்தது படம்தானா, சொன்ன இடத்திலிருந்துதான் வந்ததா என்று அது சரிவரச் சோதிக்கவில்லை. எனவே படத்தின் வேடத்தில் தீய நிரல்கள் உள்ளே நுழைந்து இயங்கின. எழுதவும் இயக்கவும் இடம் தரும் கோப்புறை எத்துணை ஆபத்தானது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

மேலும் ஒரு வேடிக்கை. சூபிஎச்பி போன்ற ஏற்பாடுள்ள சர்வர்களில் ஏனையோர் எழுதக்கூடிய நிரலை இயக்கவே சர்வர் மறுத்துவிடும். 500 என்ற பிழை எண் தோன்றி, தளம் முழுவதும் நின்றுபோகும். நோய் தீர்க்க வந்த மருந்தே நோயாகிவிடுகிறது.

ஒரு பள்ளியின் தளத்தில் என்ன இருக்கும் என்று சற்று எண்ணிப் பார்ப்போம், தோழியரே! சேர்க்கை விண்ணப்பங்களில் பெற்றோரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். விழாப் படங்களில் நம் முகங்கள் இருக்கும். நன்கொடை தந்தவர்களின் விவரம் இருக்கும். இவை நம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்தவை. ஒரு பிளகின் ஓட வேண்டும் என்பதற்காக இவற்றை நடுத்தெருவில் வைக்கலாமா?

சரிசெய்யும் முறை

முறையாகச் செய்தால் இக்கோளாறு தீராததன்று. படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, தளம் முழுவதற்கும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். நகல் இல்லாமல் கை வைப்பது வலையில்லாமல் கம்பியில் நடப்பது போன்றது.

இரண்டாவது, எங்கே எழுத முடியவில்லை என்று அறிய வேண்டும். 2019ஆம் ஆண்டு வெளிவந்த 5.2ஆம் பதிப்பு முதல் வேர்ட்பிரஸிலேயே சைட் ஹெல்த் என்ற பக்கம் உள்ளது. அதன் தகவல் பகுதியில், எந்தெந்தக் கோப்புறையில் எழுத இயலும், எதில் இயலாது என்று வரிசையாகக் காட்டும். சர்வரின் பிழைப் பதிவேட்டில் பெர்மிஷன் டினைடு என்ற சொற்கள் இருந்தால் ஐயம் தீர்ந்தது.

மூன்றாவது, உரிமையாளரைப் பார்க்க வேண்டும். ஃபைல்ஜில்லா போன்ற எஃப்டிபி மென்பொருளில் ஒவ்வொரு கோப்புக்கும் அருகே அதன் உரிமையாளரும் அனுமதியும் பெரும்பாலும் காட்டப்படும். ஓடும் கோப்புறையையும் ஓடாத கோப்புறையையும் ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் படும்.

நான்காவது, உரிமையாளர் சரியாக இருந்து எண் மட்டும் தவறாக இருந்தால், எண்ணைத் திருத்த வேண்டும். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பது வேர்ட்பிரஸ் கூறும் பொது விதி. இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும். ஃபைல்ஜில்லாவில் கோப்புறைகளுக்கு மட்டும், கோப்புகளுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுக்க வசதி உண்டு. கோப்புறைக்கு 644 இட்டுவிட்டால் நுழையும் உரிமை போய்விடும். உள்ளே உள்ள எதையும் எட்ட முடியாது. பிஎச்பி கோப்புகளுக்கு 755 தேவையும் இல்லை. அவற்றைப் பிஎச்பி படிக்க முடிந்தாலே போதும், ஓடிவிடும்.

ஐந்தாவது, கடவுச்சொல் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைத் தனியே இறுக்க வேண்டும். பிஎச்பி நம் பெயரில் இயங்கினால் 600 அல்லது 400 போதும். பணியாள் பெயரில் இயங்கினால் அவரது குழுவுக்குப் படிக்க மட்டும் இடம் தந்து 640 அல்லது 440 இடலாம். எவ்வாறாயினும் கடைசி எண் 0 ஆக இருப்பதே நலம்.

ஆறாவது, உரிமையாளரே தவறாக இருந்தால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. லினக்ஸில் கோப்பின் உரிமையாளரை மாற்றும் அதிகாரம் சர்வரின் தலைமை நிர்வாகிக்கே உண்டு. ஆகவே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பிளகின் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால், பிளகினை மாற்றுங்கள் என்று பதில் வரும். இவ்வாறு எழுதினால் பயன் உண்டு:

"ஐயா, எங்கள் தளத்தின் அப்லோட்ஸ் கோப்புறையில் படங்களைச் சேர்க்க இயலவில்லை. இன்று காலை 10.15 மணிக்கு முயன்றபோது பதிவேட்டில் பெர்மிஷன் டினைடு என்று வந்துள்ளது. கோப்புறையின் எண் 755. அதன் உரிமையாளர் எங்கள் கணக்கு அன்று எனத் தெரிகிறது. எங்கள் தளத்தில் பிஎச்பி எந்தப் பெயரில் இயங்குகிறது என்று தெரிவித்து, உரிமையாளரைச் சரிசெய்து தருமாறு வேண்டுகிறோம்."

கடைசியாக, ஒரு சிறு படத்தை ஏற்றிச் சோதித்துப் பார்த்து, பின்னரே பிளகினைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு எவரேனும் 777 இட்டுச் சென்ற இடங்கள் இருப்பின் அவற்றையும் தேடித் திருத்த வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த 6.3ஆம் பதிப்பு முதல், புதுப்பித்தல் இடையில் தோற்றால் பழைய பிளகினைத் திரும்ப வைக்க வேர்ட்பிரஸ் முயலும். ஆயினும் அதற்கும் கோப்புறையில் எழுத உரிமை வேண்டும் என்பதை மறக்கலாகாது.

முடிவுரை

1975ஆம் ஆண்டு ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் கணினிப் பாதுகாப்புக்குச் சில நெறிகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று: எவருக்கும் எந்த நிரலுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையை மட்டுமே தர வேண்டும் என்பது. நம் பங்குக் கோவில்களில் இந்நெறியை நாம் கண்கூடாகக் காணலாம். கோவில்பிள்ளையிடம் கோவில் கதவின் சாவி இருக்கும். மணி அடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை அன்றோ? நற்கருணைப் பேழையின் சாவியோ பங்குத் தந்தையின் பொறுப்பில் இருக்கும். இதனால் கோவில்பிள்ளைக்கு இழுக்கு ஏதும் இல்லை. அவரவர் வேலைக்கு உரிய சாவி அவரவரிடம் இருக்கிறது. எனவே வேலையும் நடக்கிறது, காவலும் குறையவில்லை.

பிளகினுக்கும் அதுவே முறை. எழுத வேண்டிய இடத்தில் எழுத விடுவோம். மற்ற இடங்களை மூடி வைப்போம். கதவு திறக்கவில்லையே என்று அதைக் கழற்றும் முன், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போமாக!